பேய் ஊர் என்று எழுதுகிறவர்களுக்கு

கோலார் தங்கவயலைப் பற்றி எழுத வருகிறவர்கள் கையில் இரண்டே வார்த்தைகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘குட்டி இங்கிலாந்து’. இன்னொன்று ‘பேய் ஊர்’. துரைமார்கள் பங்களா கட்டிக்கொண்டு, கிளப்பில் குடித்துக்கொண்டு, கோல்ஃப் ஆடிக்கொண்டு இருந்த காலத்துக்கு முதல் வார்த்தை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு வந்த காலத்துக்கு இரண்டாவது வார்த்தை. நடுவில் நூற்றிருபது வருஷம் மண்ணுக்குள் இறங்கி ஏறினவனுக்கு ஒரு வார்த்தையும் கிடையாது.

பத்திரிகைக்காரர் வருகிறார். சுரங்க வாயில் மேல் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரத்தைப் படம் பிடிக்கிறார். கூரை பெயர்ந்த பங்களாவைப் படம் பிடிக்கிறார். சயனைடு மேட்டில் ஏறிப் பொழுது சாய்வதைப் படம் பிடிக்கிறார். ‘கைவிடப்பட்ட நகரம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிடுகிறார். அவர் நின்று படம் எடுத்த இடத்துக்குப் பின்னாலேயே லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கே அடுப்பு எரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ராபர்ட்சன்பேட்டை நகராட்சியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள். ஒன்றரை லட்சம் பேர் சோறாக்கித் தின்கிற ஊர் எப்படிய்யா பேய் ஊர் ஆகும்?

ஆகும். இந்த நாட்டில் ஆகும். ஏனென்றால் இங்கே ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்கூட்டம் என்றால் சேரி அதில் இல்லை. ஊர்த் திருவிழா என்றால் சேரிக்குள் தேர் வராது. ஊர் காலியாகிவிட்டது என்றாலும் அதே கணக்குத்தான். தங்கவயலில் துரை போனான், அதிகாரி போனான், கம்பெனிக் காசு போனது. ஊர் காலி! சேரி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் சேரி இருப்பது எந்தக் காலத்தில் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது தெரிய?

ஆகவே ‘கைவிடப்பட்ட நகரம்’ என்கிற பேச்சை நாம் ஒத்துக்கொள்ள முடியாது. கைவிட்டது யார், கைவிடப்பட்டது யார் என்று கேட்காமல் அந்த வார்த்தையை எழுதுகிறவன், தங்கத்தை வாரிக்கொண்டு போனவன் பக்கம் நின்றுதான் எழுதுகிறான்.

*

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் நின்று பார்த்தால் இந்தக் கதையின் தொடக்கம் தெரியும். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆலங்காயம், போளூர், செங்கம், குடியாத்தம் என்று பழைய வடஆற்காடு மாவட்டத்தின் சேரிகளில் விசாரித்துப் பாருங்கள். கோலாருக்குப் போன பாட்டன் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். ‘மைன்ஸுக்குப் போய்ட்டான்’ என்பது அங்கே ஒரு முழு வாக்கியம். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஏன் போனார்கள்? தங்கத்தின் மேல் ஆசையா? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். பஞ்சத்தில் முதலில் சாகிறவன் நிலமில்லாதவன். மிராசுதாரனின் களத்தில் படியாளாய்க் கட்டுண்டு, அவன் அளந்து போடுகிற தானியத்துக்குக் கையேந்தினவன். சென்னை மாகாண அரசு பஞ்சமருக்கு நிலம் என்று உத்தரவு போட்டது 1892இல். அதற்குள் எங்கள் ஜனங்களின் கால்கள் கோலாருக்கு நடந்துவிட்டன. அந்த நிலத்தையும் பிற்பாடு யார் யார் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

ஜான் வாரன் என்கிற வெள்ளைக்கார சர்வே அதிகாரி 1802இல் அந்தப் பக்கம் போனபோது ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்தான். எழுதி வைத்தான். அதைப் படித்துவிட்டு லவெல் என்கிற பழைய சிப்பாய் 1870களில் மைசூர் சமஸ்தானத்திடம் தோண்ட அனுமதி வாங்கினான். அவனால் முடியவில்லை. 1880இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. இந்த மூன்று பேரும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறார்கள். ஆழத்துக்குப் போகப் போகத்தான் தங்கம் என்று தெரிந்தபோது, ஆழத்துக்கு இறங்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளைப் பிடிக்க மேஸ்திரிகள் கிளம்பி வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயிலேற்றி, குப்பம் வழியாகப் பௌரிங்பேட்டைக்குக் (இன்றைய பங்காருபேட்டை) கொண்டுபோய், அங்கிருந்து மாரிக்குப்பத்தில் இறக்கினார்கள். இறங்கினவன் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

படியாள் வேலையிலிருந்து தப்பித்துப் போனான். அதை மறுக்கவில்லை. அங்கே கையில் காசாகக் கூலி. ‘டேய்’ என்று கூப்பிடுகிற மிராசுதாரன் அங்கே இல்லை. செருப்புப் போட்டு நடக்கலாம். சட்டை போடலாம். இதெல்லாம் சாதாரண விஷயமா? ஊரில் இதற்காகக் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். ஆனால் விடுதலைக்கு என்ன விலை கொடுத்தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

*

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். கட்டுகிற கோவணம் தவிர உடம்பில் துணி நிற்காது. மேலே இருக்கிற மலைப்பாரம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். வெடித்தால் ஆளை எடுக்க முடிந்தால் எடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை.

வேலையிலும் வர்ணாசிரமம் இருந்தது. உச்சியில் ஐரோப்பியன். அதற்குக் கீழே ஆங்கிலோ இந்தியன். காவலுக்குப் பஞ்சாபிகள். எழுத்து வேலைக்குப் படித்த சாதிகள். எல்லாருக்கும் கீழே, நிஜமாகவே கீழே, பாறைக்கு நேராக, பறையன். மனுதர்மம் மேல் கீழ் என்று சொன்னதை ஜான் டெய்லர் கம்பெனி அடிக்கணக்கில் அளந்து காட்டியது. வேலை முடிந்து மேலே வருகிறவனை நிற்க வைத்து உடம்பு முழுக்கச் சோதனை போட்டார்கள். லண்டனுக்குக் கப்பல் கப்பலாய் ஏற்றுகிறவன் முதலாளி. பல்லிடுக்கில் ஒரு துணுக்கு இருந்தால் இவன் திருடன்.

பாறையைத் துளைத்தால் வருகிற தூசிதான் மெதுவாய்க் கொன்றது. சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்று அதற்குப் பேர். 1940களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் பற்றிய படிப்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது. மைசூர் சமஸ்தானம் 1940இல் சிலிக்கோசிஸ் விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அறுபது வருஷம் இருமி இருமிச் செத்தவன் எந்தக் கணக்கில்? ‘சாராயம் குடிச்சே செத்தான்’ என்று ஊரில் சொன்னார்கள். நுரையீரல் கல்லானது யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்கம்பித் தடங்களில் ஒன்று. பெங்களூருக்கே 1905இல்தான் விளக்கு எரிந்தது. எல்லாக் கட்டுரையிலும் இந்தப் பெருமை இருக்கும். அதே ஊரில் எடுப்புக் கக்கூஸ் 1990கள் வரை இருந்தது. மனிதனின் மலத்தை மனிதன் வாளியில் அள்ளினான். அந்த அள்ளுகிற குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். தங்கவயலின் கக்கூஸ்களிலிருந்து தொடங்கிய அவருடைய சண்டைதான் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் என்று நாடு முழுக்கப் பரவியது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். மின்சாரம் முதலில் வந்த ஊருக்குக் கக்கூஸில் தண்ணீர் ஏன் கடைசியில் வந்தது? மிஷினுக்கு மின்சாரம் வேண்டும், லாபம் வரும். மலம் அள்ள சாதி இருக்கிறது, செலவே இல்லை. நாகரிகம் என்றும் நவீனம் என்றும் சொல்லப்பட்டதன் யோக்கியதை இதுதான்.

*

ஆனால் தங்கவயலை வெறும் சாவுக்குழியாக எழுதினால் அதுவும் மோசடி. இரக்கப்பட்டு எழுதுகிறவர்கள் செய்கிற மோசடி அது. தோண்டிச் செத்தான், பாவம் என்று முடித்துவிடுவார்கள். தோண்டினவன் யோசித்தான் என்பதை எழுத மாட்டார்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 1907 வாக்கில் மாரிக்குப்பத்தில் கிளை எழுந்தது. திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. மலையடிவாரத்திலிருந்து சுரங்கத்துக்கு ஆள் போன அதே பாதையில் பௌத்தமும் போய் வந்தது. பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையைக் காசு போட்டு வாங்கிப் படித்தவர்கள், படிக்கத் தெரியாதவனுக்கு உட்கார வைத்துப் படித்துக் காட்டியவர்கள் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள். பண்டிதர் 1914இல் மறைந்தார். 1926இல் அந்தப் பத்திரிகைக்குத் தங்கவயலிலிருந்து மறுபடி உயிர் கொடுத்தார் அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே புத்தகம் போட்டது. பன்னிரண்டடி அறையில் குடியிருந்தவன், விஹாரம் கட்டினான், அச்சுக்கூடம் வைத்தான், சாதி எப்படி வந்தது என்று விவாதம் நடத்தினான். 1999இல் அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்டபோது தமிழ் அறிவுலகமே மூக்கில் விரல் வைத்தது. இவ்வளவு நாள் எங்கே இருந்தது இது? அரசாங்க நூலகத்தில் இல்லை ஐயா. தலித் பௌத்தக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

1930இல் எல்லாத் தொழிலாளியும் கைரேகை பதியவேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. எங்களை ‘குற்றப் பரம்பரை’ ஆக்கப் பார்க்கிறாயா என்று வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்கு அங்கே தொழிற்சங்கம் கிடையாது. கூலிக்காக மட்டும் நடந்த சண்டை இல்லை அது. மானத்துக்காக நடந்தது. 1946இல் கூலிக்கும் சங்க உரிமைக்கும் போராடினவர்களைப் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். பிற்பாடு அம்பேத்கரின் குடியரசுக் கட்சியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதியும் இதுதான்.

இதையெல்லாம் ஏன் யாரும் எழுதவில்லை? இடதுசாரிக்குத் தொழிலாளி வேண்டும், பறையன் வேண்டாம். ஆகவே அவன் வரலாற்றில் வர்க்கம் இருக்கும், விஹாரம் இருக்காது. திராவிட இயக்கத்தானுக்கு எல்லாம் தனக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். தமிழ்த் தேசியனுக்குக் கர்நாடகத் தமிழன் காவிரிக் கலவரம் வந்தால்தான் ஞாபகம் வருவான். கன்னடக்காரனுக்கு இவன் பிழைக்க வந்த அன்னியன். ஆக நாலு பேரும் சேர்ந்து கைவிட்டார்கள். சுரங்கம் மூடியது 2001இல். இந்தக் கைவிடல் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது.

*

இனி அந்த மூடலுக்கு வருவோம். ‘நஷ்டம் வந்தது, மூடினார்கள், இதில் என்ன சாதி?’ என்று கேட்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கம்பெனி ஆனது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நாலு கிராமுக்கு இறங்கிவிட்டது என்பது உண்மை. நாம் அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அரசு எடுத்துக்கொண்ட பிறகு பல வருஷம் அந்தத் தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விற்க விடவில்லை. அதைவிடக் குறைந்த சர்வதேச நிலைவிலைக்கு அரசே எடுத்துக்கொண்டது. நாட்டின் அந்நியச் செலாவணிக்காக என்றார்கள். நல்லது. அப்படியென்றால் நாட்டுக்காக நஷ்டப்பட்டவன் தொழிலாளி. அதே நஷ்டத்தை அவன் தலையிலேயே எழுதிக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

1991இல் நாடு திவாலாகப் போகிறது என்ற நிலை. ரிசர்வ் வங்கி தன்னுடைய தங்கத்தில் சுமார் 47 டன்னை வெளியே அனுப்பி அடகு வைத்துக் கடன் வாங்கியது. தங்கம் நாட்டைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷமே, 1992இல், தங்கம் எடுக்கிற கம்பெனியை நலிந்த தொழிற்சாலை என்று அறிவித்தார்கள். ஒரு காலத்தில் 30,000 பேர் வேலை பார்த்த இடத்தில் மூடும்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம். நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. வெளியே அனுப்பப்பட்ட தொழிலாளியின் கையில் என்ன இருந்தது? ஒரு செட்டில்மெண்ட் காகிதம், ஓர் இருமல்.

சுரங்கம் தீர்ந்துபோவது இயற்கை. உலகமெங்கும் தீர்ந்திருக்கிறது. ஆனால் தீரப்போகிறது என்பது பத்து இருபது வருஷத்துக்கு முன்பே எல்லா அதிகாரிக்கும் தெரியும். பாறையில் தங்கம் எவ்வளவு என்று மாதாமாதம் சோதித்தவனுக்குத் தெரியாதா? அந்த இருபது வருஷத்தில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வந்ததா? வேறு வேலைக்குப் பயிற்சி கொடுத்தார்களா? ஒன்றும் செய்யவில்லை. மேல்சாதி அதிகாரிகள் குடியிருந்த ஊராக இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

இன்றைக்கு விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்புகிற ரயிலைப் பாருங்கள். கட்டட வேலைக்கு, செக்யூரிட்டி வேலைக்கு, கார்மெண்ட்ஸுக்கு, வீட்டு வேலைக்கு. நிற்க இடமில்லாமல் போகிறார்கள், ராத்திரி திரும்புகிறார்கள். பாட்டனை இறக்கிவிட்ட அதே ஸ்டேஷன், பேரனை ஏற்றிவிடுகிறது. இதைத்தான் பேய் ஊர் என்கிறார்கள். பேய் இல்லீங்க, ஷிப்ட்டுக்குப் போயிருக்காங்க.

*

இப்போது நமக்கு முன்னால் இருக்கிற விஷயம் சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. 13 மேடுகள். ஆயிரம் ஏக்கருக்கு மேல். 3 கோடியே 30 லட்சம் டன். காற்றுக் காலத்தில் அந்த மாவு பறந்து லைன் வீடுகளின் சோற்றுப் பானையில் இறங்கும். சினிமாக்காரர்களுக்கு அந்த மேடு ரொம்பப் பிடித்தது. 2018லும் 2022லும் ‘கே.ஜி.எஃப்.’ என்று இரண்டு பாகம் எடுத்து நாடு முழுக்க வசூல் பண்ணினார்கள். ஒரு வீரன் வந்து அடிமைகளை மீட்கிறான். அடிமைகளுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, புத்தன் இல்லை, சங்கம் இல்லை. 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்து, தோண்டினவன் வடஆற்காட்டுச் சேரிக்காரன் என்று திரையில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது நல்லது. ஆனால் சினிமாவில் நீதி கிடைத்தால் வீட்டுக்குப் பட்டா வந்துவிடாது.

அந்த மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறது. விலை ஏறிவிட்டதால் இப்போது அந்தக் கழிவும் காசாகும். 2013இல் உச்சநீதிமன்றம் ஏலத்துக்கு வழிவிட்டது. 2024 ஜூனில் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்கும் என்று நம் ஜனங்களும் ஆவலோடு இருக்கிறார்கள். நாம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்த மேடு யாருடையது?

அது அரசாங்கத்தின் சொத்து என்று சட்டம் சொல்லும். அந்த மாவு ஒவ்வொரு பிடியும் ஒருவன் நுரையீரலைக் கடந்து வந்தது. அவனுக்குக் கொடுக்காமல் வைத்த கூலிதான் அங்கே மேடாய்க் கிடக்கிறது. ஏலம் எடுக்கிற கம்பெனி மறுபடி தங்கத்தை அள்ளிக்கொண்டு போய், மறுபடி தூசியை இவன் மேல் கொட்டிவிட்டுப் போனால், பாட்டன் கதை பேரனுக்கும் நடக்கும். மண்ணைக் கிளறுவதற்கு முன்னால் சில விஷயங்கள் நடந்தாக வேண்டும். லைன் வீட்டில் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டா. உயிரோடு இருக்கிற ஒவ்வொரு பழைய தொழிலாளிக்கும் நெஞ்சு பரிசோதனை, நோய் இருந்தால் நஷ்டஈடு, செத்தவனின் விதவைக்கும் அதே நஷ்டஈடு. வருகிற வருமானத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்தில் பங்கு. ஒப்பந்தக் கூலி கிடையாது, நிரந்தர வேலை. இதில் எது அதிகப்படி? கம்பெனிக்குப் பங்குதாரன் என்றால் ஷேர் வாங்கினவன் மட்டும்தானா? நுரையீரலைப் போட்டவன் இல்லையா?

*

இதெல்லாம் பழைய கதை, கோலார்க் கதை, நமக்கென்ன என்று மலையடிவாரத்தில் இருக்கிற இளைஞர்கள் நினைக்க வேண்டாம். மேஸ்திரி சாகவில்லை. அவன் இப்போது ஜவ்வாது மலை மேலேயே ஏறிவிட்டான். மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு அதே மாதிரி முன்பணம் கொடுத்து, அதே மாதிரி வண்டியேற்றி ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கொண்டுபோகிறான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுப் போட்டார்கள். பாதிக்கு மேல் திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்கள், ஜவ்வாது மலைக்காரர்கள் அதில் பலர். மரம் வெளிநாட்டுக்குப் போகிறது. வாங்குகிறவன் பேர் வெளியே வராது. வெட்டினவன் கடத்தல்காரன்.

தங்கவயலில் துணுக்குத் தங்கத்துக்குத் திருடன் என்று பேர் வைத்தவர்களும், காட்டில் கோடாலி பிடித்தவனுக்குக் கடத்தல்காரன் என்று பேர் வைத்தவர்களும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள். நிலமில்லாதவனைத் துரத்தி, தூரத்துக் குழியிலும் காட்டிலும் இறக்கி, பொருள் தீர்ந்ததும் அவனையும் அவன் ஊரையும் ‘கைவிடப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடுவது. நூற்றிருபது வருஷம் முன்னால் சேரி. இன்றைக்கு மலை. நாளைக்கு வேறு யாரோ.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் கோலாருக்குப் போய்த் திரும்பின கடைசிக் கிழவர்கள் இன்னும் இருப்பார்கள். எந்த வருஷம் போனார், எந்த மேஸ்திரி, எந்தச் சுரங்கம், எத்தனை அடி, என்ன கூலி, எப்போது இருமல் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். டிரங்குப் பெட்டியில் கம்பெனி அட்டை இருந்தால், பழைய ‘தமிழன்’ இதழ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மேட்டை ஏலம் போடும்போது காகிதம் கேட்பார்கள். காகிதம் நம் கையில் இருக்க வேண்டும்.